மனநலத்துக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோம்

(இயக்கத்தின் கிளைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர இயலாத தோழர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு நன்கொடை. உள்ளே வரும்போது வாசலில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நில உரிமை பேசினோம், தமிழ்ப்பள்ளி பேசினோம், குடியுரிமை பேசினோம், தடுப்புக் காவல் மரணம் பேசினோம். இப்போது நன்கொடை பேசுகிறோம். இயக்கம் கோயில் கமிட்டி ஆகிவிட்டதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது பேராக் மாநிலத்தின் தெற்கே ஒரு ரப்பர் தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எங்கள் லயத்தில் நான்காவது வீட்டில் ஓர் அம்மாவும் அவருடைய மகனும் இருந்தார்கள். மகனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது இருக்கும். நல்ல பால்மரத் தொழிலாளி. பந்து விளையாட்டில் கெட்டிக்காரர். எங்களுக்கெல்லாம் அண்ணன். 1983-ஆம் ஆண்டு வாக்கில் அவர் பெரட்டுக்கு வருவதை நிறுத்தினார். தனியாகப் பேச ஆரம்பித்தார். யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறது என்றார். முதலில் காத்து கருப்பு என்றார்கள். பிறகு செய்வினை என்றார்கள். சாமியாடி வந்தார், கோழி அறுத்தார்கள். பக்கத்துக் கம்பத்துப் போமோவும் வந்து பார்த்தார். கடைசியில் தோட்டத்து டிரெசர் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பி வைத்தார்.

தஞ்சோங் ரம்புத்தான் என்றால் இங்கே யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. 1911-இல் திறக்கப்பட்ட பெரிய மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. பிற்பாடு அதற்குப் பகாகியா மருத்துவமனை என்று பெயர் வைத்தார்கள். மகிழ்ச்சி என்று பொருள். பெயர் மாறியது, நம் வாய் மாறவில்லை. சிறுவர்கள் சண்டை போட்டால் இன்றைக்கும் "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்" என்கிறார்கள். ஓர் ஊரின் பெயரையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம்.

அந்த அண்ணன் சில மாதங்களில் குணமாகித் திரும்பி வந்தார். நான் சொல்வதைக் கவனியுங்கள், குணமாகித்தான் வந்தார். மீண்டும் மரம் வெட்டப் போனார். ஆனால் மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், மாத்திரை வாங்க வேண்டும். கட்டணம் பெரிதில்லை. வழிதான் பெரிது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு ஒரு பஸ், பட்டணத்திலிருந்து ஈப்போவுக்கு ஒரு பஸ், ஈப்போவிலிருந்து இன்னொரு பஸ். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீடு. தாய்க்கு ஒரு நாள் கூலி போயிற்று, மகனுக்கு ஒரு நாள் கூலி போயிற்று, மூன்று பஸ்ஸுக்கு இரண்டு பேர் கட்டணம். மூன்று மாதம் போனார்கள். நான்காவது மாதம் போகவில்லை.

அதே ஆண்டு எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா. வீட்டுக்கு இவ்வளவு என்று வரி. வரி வசூலித்தது என் தகப்பனார். புத்தகத்தையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனது நான். நான்காவது வீட்டிலும் நின்றோம். அந்த அம்மா உள்ளே போய், முடிச்சவிழ்த்து, முழு வரியையும் கொடுத்தார். கட்டியவர்களின் பட்டியலில் நான் அவர் பெயரை எழுதினேன். "மகனை ஏன் இந்த மாதம் மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவில்லை?" என்று என் தகப்பனாரும் கேட்கவில்லை, பின்னால் வந்த கமிட்டிக்காரர்களும் கேட்கவில்லை. கெட்ட மனிதர்கள் அல்லர். அது கோயில் கணக்கில் சேராத கேள்வி, அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் அண்ணனுக்கு நோய் திரும்பியது. முன்னைவிடக் கடுமையாக. மறுபடியும் அனுப்பினார்கள். இந்த முறை ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார். தாய் இறந்தார். பிறகு தோட்டம் விற்கப்பட்டது. லயத்தை இடித்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தோம். மருத்துவமனையிலிருந்து அவருக்காக ஒரு கடிதம் வந்திருந்தாலும், போய்ச் சேர முகவரி இல்லை.

தோழர்களே, அந்தக் கோயிலுக்கு மாற்று நிலம் கேட்டுப் போராடினோம். மனு எழுதினோம், மறியல் செய்தோம், பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வந்தோம். நிலம் கிடைத்தது. இன்று கோபுரத்தோடு நிற்கிறது. போராடியதில் எனக்குப் பெருமைதான். ஆனால் நான்காவது வீட்டு அண்ணனுக்கு மாற்று முகவரி கேட்டு ஒருவரும் போராடவில்லை. நானும் போராடவில்லை. இன்றைய பேச்சு அந்தக் கடனிலிருந்துதான் வருகிறது.

நம்மைப் பற்றிய கணக்கு

இது ஒரு லயத்துக் கதை மட்டும் அல்ல. சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, 2019-இல் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடு. அதாவது இரு மடங்கு, நாடு முழுவதும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர். எல்லா இனத்தாரும் இதில் அடக்கம். இது நம் இனத்து நோய் என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம்.

ஆனால் நம் சமுதாயத்துக்கென்று ஒரு தனிக் கணக்கு உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. தேசியத் தற்கொலைப் பதிவேடு 2009-ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில் நாடு முழுவதும் 328 மரணங்கள் பதிவாயின. ஒரு லட்சம் பேருக்கு 1.18 என்ற விகிதம். இந்தியரிடையே அது 3.67. நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்குக்கு மேல். பதிவானது மட்டும்தான் இந்தக் கணக்கில் வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஏன் என்று கேட்டால் ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் நாம் எங்கிருந்து எங்கே வந்தோம் என்பதைப் பார்க்காமலும் இருக்க முடியாது. தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது, டிரெசர் இருந்தார், கோயில் இருந்தது, பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டால் ஓடி வர ஆள் இருந்தது. குறைகள் ஆயிரம் இருந்தன. கள்ளுக்கடையும் அங்கேதான் இருந்தது. ஆனாலும் ஒருவர் மூன்று நாள் வெளியே வரவில்லை என்றால் லயத்துக்கே தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீட்டுமனைகளாகவும் செம்பனைக் காடாகவும் மாறியபோது லட்சக்கணக்கானோர் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தோம். இன்று மலிவு விலை அடுக்குமாடியின் பதினைந்தாவது மாடியில் ஒரு தாய் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தால் பதினான்காவது மாடிக்குத் தெரியாது.

இன்னொன்றையும் நம் இயக்கத்துக்குள்ளேயே பேச வேண்டியிருக்கிறது. தடுப்புக் காவலில் ஒரு பிள்ளை இறந்தால் நாம் போய் நிற்கிறோம். வழக்குச் செலவுக்கு நிதி திரட்டுகிறோம். இறுதிச் சடங்குக்குத் திரட்டுகிறோம். 2007 நவம்பர் 25-க்குப் பிறகு கைதானவர்களின் குடும்பங்களுக்கு அரிசி பருப்பு கொண்டு போனவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இரண்டாண்டு தூங்கவில்லை என்பது நமக்குத் தெரிந்தும், அந்தத் தூக்கத்துக்காக நம் நிதியில் ஒரு வெள்ளி ஒதுக்கியதுண்டா? வழக்கு நடக்கும்வரை அவர் நமக்குச் சாட்சி. தீர்ப்பு வந்த பிறகு? கேட்டால் சங்கடமாக இருக்கிறது. எனக்கும்தான்.

அரசாங்கம் செய்வதும் செய்யாததும்

நியாயமாகப் பேசுவோம். நிலைமை 1983-இல் இருந்தது போல இல்லை. 1952-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வந்து, 2010-இல் நடைமுறைக்கு வந்தது. பெரிய மதில் சுவருக்குள் அடைப்பதற்குப் பதிலாகச் சமூகத்திலேயே சிகிச்சை தரும் மையங்களுக்கு அது இடம் கொடுத்தது. மெந்தாரி என்ற பெயரில் சமூக மனநல மையங்கள் இன்று நாடு முழுவதும் முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. மருந்து மட்டுமல்ல, பகல் நேரப் பயிற்சி, வேலைக்குச் சேர்த்துவிட்டுப் பின்தொடரும் உதவி எல்லாம் அங்கே உண்டு. குடிமக்களுக்குச் சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி, அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் ஐந்து வெள்ளி. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. அதுவரை உயிர் பிழைத்தவர் கட்டிலில் கிடக்கும்போதே போலீஸ் விசாரணைக்கு ஆளாகலாம், ஓராண்டுவரை சிறைக்கும் போகலாம் என்று இருந்தது.

இவையெல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் சுகாதார அமைச்சின் மொத்த ஒதுக்கீட்டில் மனநலத்துக்குப் போவது ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்ற அளவிலேயே இருந்து வந்திருக்கிறது. ஐந்து வெள்ளி சிகிச்சையின் வாசல்வரை நம் மக்கள் போய்ச் சேர முடியாமல் தடுப்பவை நான்கு.

முதலாவது வழி. 1983-இல் மூன்று பஸ். இன்று பஸ்ஸே இல்லாத தாமான்கள் உண்டு. கிராப் வண்டி பிடித்தால் போக வர ஒரு நாள் கூலி.

இரண்டாவது கூலி. நாள் சம்பளக்காரர் ஒரு நாள் கிளினிக்கில் உட்கார்ந்தால் அன்றைய சம்பளம் இல்லை. நோயாளி தனியாகப் போகும் நிலையில் இல்லை என்றால் துணைக்குப் போகிறவருக்கும் இல்லை.

மூன்றாவது மொழி. "நெஞ்சை அடைக்கிறது, உடம்பெல்லாம் எரிகிறது, மனசு பாரமாக இருக்கிறது" என்றுதான் நம் தாய்மார்கள் சொல்வார்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ அது நெஞ்சு வலியாகவும் உடம்பு வலியாகவும் மாறிவிடுகிறது, வலி மாத்திரையோடு வீட்டுக்கு வருகிறார்கள். தாய்க்கு மொழிபெயர்க்கப் பன்னிரண்டு வயது மகளைக் கூட்டிப் போகிறார்கள். "உயிரை விட்டுவிடலாம் போலிருக்கிறது" என்று அந்தத் தாய் தன் மகள் வாயாலா டாக்டரிடம் சொல்வார்? சொல்ல மாட்டார்.

நான்காவது ஆவணம். இது நம் இயக்கத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பிறப்புப் பத்திரம் இல்லை, அடையாள அட்டை இல்லை என்றால், இந்த மண்ணிலேயே பிறந்தவரானாலும் முகப்பில் அவர் வெளிநாட்டவர். கட்டணம் ஐந்து வெள்ளி அல்ல, பல மடங்கு. குடியுரிமை வழக்கு பத்தாண்டு இழுத்தால், பத்தாண்டும் அவர் மருந்தில்லாமல் காத்திருக்க முடியுமா?

நம்மால் முடியும் என்பதற்கு நம் வரலாறே சாட்சி

"நம் மக்களிடம் பணம் ஏது?" என்று கேட்பவர்கள் உண்டு. கொடுக்கத் தெரியாத சமுதாயம் அல்ல இது. தைப்பூசத்தன்று பத்துமலை வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலைப் பாருங்கள். அன்னதானத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. கோபுரத் திருப்பணிக்கு உபயம் கேட்டால் வரிசையில் நிற்கிறோம்.

கோயிலுக்கு மட்டும்தான் கொடுத்தோம் என்பதும் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய 1950-களின் நடுவில், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி முன்னின்று திரட்டினார். கொடுத்தவர்களில் பெரும் பகுதியினர் தோட்டத் தொழிலாளர்கள், துறைமுகத் தொழிலாளர்கள். தங்கள் பிள்ளைகள் அந்த வாசலை மிதிப்பார்களா என்று தெரியாமலேயே கூலியிலிருந்து கொடுத்தார்கள். 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலம் அது. தொழிலாளர்கள் பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்து, தாங்கள் வேலை செய்த தோட்டத்தைத் தாங்களே வாங்கினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் அப்படி வாங்கப்பட்டது. அன்றைய கூலிக்குப் பத்து வெள்ளி சின்னத் தொகை அல்ல.

இரண்டிலும் ஒரே பாடம்தான். சிறு தொகை, பலர், தொடர்ந்து. மனநலத்துக்கு வேண்டியதும் இதுவேதான். திருவிழா ஒரு வாரத்தில் முடியும், கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை வரும். மனநோய்க்கு மாதாமாதம் ஊசி, மாதாமாதம் மாத்திரை. ஒரே நாளில் ஐயாயிரம் வெள்ளிக்குக் காசோலை கொடுத்து, படம் பிடித்துப் போட்டுவிட்டு மறந்துவிடுகிற கொடை இதற்கு உதவாது. மாதம் பத்து வெள்ளியை நிறுத்தாமல் கொடுப்பதுதான் உதவும்.

ஒரு கணக்குப் போடுகிறேன். நூறு குடும்பங்கள், மாதம் பத்து வெள்ளி. மாதம் ஆயிரம் வெள்ளி. கிளினிக்குக்குப் போய்வர ஒரு பயணத்துக்கு நாற்பது வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு பயணத்துக்கு 480 வெள்ளி. துணைக்குப் போவதால் நாள் கூலியை இழப்பவருக்கு ஈடு கொடுக்க வேண்டும். 2025 முதல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 65 வெள்ளி. ஐந்து பேருக்கு 325 வெள்ளி. ஆக 805 வெள்ளி. மீதி 195 வெள்ளியை அவசரத்துக்கும், ஆவணம் இல்லாதவரின் கட்டணத்துக்கும் சேர்த்து வைக்கலாம். அவ்வளவுதான் செலவு. 1983-இல் எங்கள் லயத்தில் இருந்த குடும்பங்கள் இந்த மாதிரி ஒன்றைச் செய்திருந்தால், அந்த அம்மா நான்காவது மாதமும் பஸ் ஏறியிருப்பார்.

எதற்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது

எனவே கிளைகளுக்கு என் வேண்டுகோள் இவை.

ஒன்று, வழித்துணை நிதி. இப்போது சொன்னதுதான். பணத்தைவிட முக்கியமானது துணை. பக்கத்தில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும்போது எழுப்பி, அடுத்த தேதியை எழுதிக்கொண்டு வருகிற ஓர் ஆள்.

இரண்டு, தமிழ் பேசும் ஆலோசகர்கள். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவர்தான் ஆலோசகர் என்று தொழில் செய்யலாம். அதற்குப் பட்டம் வேண்டும், பயிற்சி வேண்டும். டாக்டருக்கும் வழக்கறிஞருக்கும் படிக்க உபகாரச் சம்பளம் கொடுக்கிறோம். மனநல ஆலோசனை, மருத்துவ உளவியல், மனநலத் தாதிமை படிக்கும் பிள்ளைக்கு ஒன்று ஒதுக்குங்கள்.

மூன்று, ஏற்கெனவே இந்த வேலையைச் செய்கிறவர்களுக்குக் கொடுங்கள். பெட்டாலிங் ஜெயாவிலும் பினாங்கிலும் ஈப்போவிலும் மனநலச் சங்கங்கள் பல ஆண்டுகளாக உழைக்கின்றன. பிரெண்டர்ஸ் இயக்கம் கோலாலம்பூரில் 1970 முதல் தொலைபேசியில் காது கொடுத்துக் கேட்கிறது. நம் பெயர்ப்பலகை மாட்டித்தான் உதவ வேண்டும் என்பதில்லை. தமிழ் பேசும் தன்னார்வலர்களை அனுப்புவதும் கொடைதான்.

கொடுக்கும்போது கணக்குக் கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல. பதிவு பெற்ற சங்கம் ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவகத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதா என்று கேளுங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின்கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்பு என்றால், மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடுவரை நன்கொடைக்குக் கழிவு உண்டு. நம் வியாபாரிகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெருவிலும் வீடு வீடாகவும் உண்டியல் எடுத்துப் போகக் காவல்துறை உரிமம் வேண்டும், 1947-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. இளைஞர்கள் அவசரப்பட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். மனநோயாளிகளைத் தங்க வைக்கும் இல்லம் என்று யாராவது நிதி கேட்டால், பராமரிப்பு மையச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நேரில் போய்ப் பாருங்கள். கட்டி வைத்திருக்கிறார்களா, அடிக்கிறார்களா, மருந்து கொடுக்கிறார்களா என்று பார்க்காமல் கொடுக்கும் அரிசி மூட்டை தர்மம் ஆகாது.

முக்கியமாக ஒன்று. படம் எடுக்காதீர்கள். உதவி பெறுபவரைப் பொட்டலத்தோடு நிற்க வைத்து முகநூலில் போடாதீர்கள். நாளை அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்காது, தங்கைக்கு வரன் அமையாது. பெயர் வெளியே போகும் என்று பயந்தால் யாரும் உதவி கேட்டு வர மாட்டார்கள். பொருளாளருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் தவிர மற்றவருக்குப் பெயர் தெரிய வேண்டியதில்லை.

கோயில் நிர்வாகத்தாருக்கும் ஒரு வார்த்தை. உங்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நம் மக்கள் முதலில் ஓடி வருவது உங்களிடம்தான், கிளினிக்குக்கு அல்ல. வந்தவருக்குத் திருநீறு பூசுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். அதோடு "நாளைக்கு டாக்டரிடம் போவோம், நம் ஆள் ஒருவர் கூட வருவார்" என்று சொல்லுங்கள். பூசாரி சொன்னால் கேட்பார்கள், நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். திருவிழா வரிப் புத்தகத்தில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டு, நூற்றுக்கு ஐந்து வெள்ளியை இதற்கு ஒதுக்கினால் அம்மன் கோபிக்க மாட்டாள்.

தம்பியின் கேள்விக்குப் பதில்

இனி, வாசலில் நின்ற தம்பிக்கு. உங்கள் கேள்விக்குள் ஒரு பயம் இருக்கிறது. அரசாங்கம் செய்ய வேண்டியதை நாம் செய்ய ஆரம்பித்தால், அரசாங்கம் கையைக் கழுவிவிடும். வரி கட்டுகிற குடிமகன் எதற்காகப் பிச்சை எடுக்க வேண்டும்? இந்தப் பயம் சரியானது. தமிழ்ப்பள்ளிகளில் நாம் இதைப் பார்த்திருக்கிறோம். பெற்றோர் சங்கம் கூரை போட்டால், கூரை போடுவது பெற்றோர் சங்கத்தின் வேலை என்றே ஆகிவிடும்.

ஆகவே நாம் மருத்துவமனை கட்டப் போவதில்லை, மருந்து வாங்கப் போவதில்லை, டாக்டருக்குச் சம்பளம் கொடுக்கப் போவதில்லை. அவை அரசாங்கத்தின் கடமை. நம் காசு ஒரே ஒரு வேலைக்குத்தான். உரிமை என்று காகிதத்தில் இருப்பதை நம் மக்கள் கையில் போய்ச் சேர்க்கிற வேலை. ஐந்து வெள்ளி சிகிச்சை நம் உரிமை. அந்த வாசலுக்குப் போக நாற்பது வெள்ளி இல்லாததால் உரிமை வீணாகிறது. நாம் அந்த நாற்பது வெள்ளியைக் கொடுக்கிறோம்.

கொடுப்பதோடு எழுதியும் வைக்கிறோம். பெயர் எழுத வேண்டாம். எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், தமிழ் பேச ஆள் இருந்தாரா, எவ்வளவு நேரம் காத்திருந்தார், அடுத்த தேதி எத்தனை மாதம் கழித்து, ஆவணம் இல்லாதவரிடம் எவ்வளவு கேட்டார்கள். இதை ஒவ்வொரு துணையும் எழுதட்டும். ஓராண்டு முடிந்தால் நம் கையில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணங்களின் பதிவு இருக்கும். அதை மகஜராக்கி அமைச்சிடம் கொடுப்போம். இந்திய மக்கள் நெருக்கமாக வாழும் இடத்து மெந்தாரியில் தமிழ் பேசும் பணியாளர் வேண்டும். போக்குவரத்துக்கு வசதி வேண்டும். இங்கேயே பிறந்து ஆவணத்துக்குக் காத்திருப்பவரிடம் வெளிநாட்டவர் கட்டணம் வாங்கக் கூடாது. மனநலத்துக்கான ஒதுக்கீடு உயர வேண்டும். வெறுங்கையோடு போய்க் கேட்பதற்கும், பதிவோடு போய்க் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. கோயில் நிலத்துக்குப் போராடியபோது அந்த வித்தியாசத்தைக் கற்றவர்கள் நாம்.

எனவே தம்பி, இயக்கம் கோயில் கமிட்டி ஆகவில்லை. கோயில் கமிட்டிக்குத் தெரிந்த ஒரு நல்ல பழக்கத்தை, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் பழக்கத்தை, இயக்கம் கற்றுக்கொள்ளப் பார்க்கிறது. ஒரு திருத்தத்தோடு. கதவைத் தட்டியதும் முதலில் வரி கேட்க மாட்டோம். "வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்போம். பதிலுக்குக் காத்திருப்போம்.

முடிக்கும் முன் இன்னொன்று. இந்த மண்டபத்திலேயே யாருக்காவது மனம் தாங்காத பாரம் இருக்கலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். பிரெண்டர்ஸ் 03-7627 2929 எந்நேரமும் திறந்திருக்கும். இரண்டும் வேண்டாம் என்றால் என்னிடம் வாருங்கள், கிளைப் பொறுப்பாளரிடம் வாருங்கள். வெட்கம் வேண்டாம். சர்க்கரை நோய்க்கு யாரும் வெட்கப்படுவதில்லை.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் மேசையில் ஒரு புத்தகம் இருக்கும். மாதம் பத்து வெள்ளி முடிந்தவர்கள் எழுதுங்கள். முடியாதவர் ஐந்து என்று எழுதுங்கள். பணமே முடியாதவர், மாதம் ஒரு நாள் துணைக்குப் போகிறேன் என்று எழுதுங்கள். அதுவும் பெரிய கொடைதான். சிறுவயதில் ஒரு வரிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இந்தப் புத்தகத்தையும் நானே தூக்கி வருகிறேன்.